சாமிக்கே தண்ணி கஷ்டம்!

அரூர் பக்கம் இருக்கும் தீர்த்தமலைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூச்சு வாங்க மலையேறினால் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். பின்னால் செங்குத்துப் பாறை. அங்கேயிருந்து ராமர் தீர்த்தம் நேராக நம் தலையில் விழுகிறது. கோடையிலும் நிற்காது என்பது ஊர்க்காரர்களின் பெருமை. கரண்ட் பில் கிடையாது, மோட்டாரில் காயில் புகையாது.

தலபுராணம் இன்னும் ஜோர். ராமர் சிவபூஜைக்கு உட்கார்ந்துவிட்டார். கங்கை ஜலம் கொண்டுவரப் போன அனுமார் லேட். ராமர் மெமோ எதுவும் கொடுக்கவில்லை. பாறையில் ஒரு அம்பு விட்டார், தண்ணீர் கொட்டியது! பிறகு வந்து சேர்ந்த அனுமாருக்குக் கோபம். 'அப்ப நான் எதுக்கு அலைஞ்சேன்?' (ஆபீஸில் நாம் மனசுக்குள் சொல்வது!) கொண்டுவந்ததைத் தூக்கி வீசினார். அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம்.

எல்லா சாமிக்கும் இந்த வசதி உண்டா? மதுரைக்கு வாருங்கள். நகரத்தின் நடுவே 14 கோபுரங்களோடு இருக்கிற மீனாட்சியம்மனுக்கு, ஊருக்குக் கிழக்கே ஒரு தெப்பக்குளம். 1645 வாக்கில் திருமலை நாயக்கர் கட்டியது. வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாகத் தானே வந்து சேரும்படி ஏற்பாடு. நாயக்கரிடம் ராமபாணம் இல்லை; வாட்டம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

அப்புறம் நகரம் வளர்ந்தது. கால்வாயில் ஆக்கிரமிப்பு, குப்பை, சாக்கடை. குளம் காய்ந்தது. தைப்பூசத்துக்கு வந்த அம்மனும் சுவாமியும் மோட்டார் வைத்து நிரப்பிய தண்ணீரில் சுற்றினார்கள். அதுவும் இல்லாத வருஷம் 'நிலைத்தெப்பம்'. அதாவது தெப்பம் நகராது, பஞ்சரான பஸ்ஸில் உட்கார்ந்து டூர் போகிற மாதிரி! மற்ற நாட்களில் குளத்துக்குள் கிரிக்கெட்.

கோயில் உண்டியலில் எவ்வளவு என்று பேப்பரில் வருகிறது. குளத்தில் எவ்வளவு என்று யார் எண்ணினார்கள்? இத்தனைக்கும் குளம் நிறைந்தால் அம்மனுக்கு வருஷத்தில் ஒருநாள் சவாரி, அவ்வளவுதான். சுற்றிலும் போர்வெல் ஊறி லாபம் பார்ப்பவர்கள் நாம்.

ஒருவழியாக 2019-20-ல் கால்வாயைச் சரிசெய்தார்கள். வைகைத் தண்ணீர் பழைய வழியிலேயே, மோட்டார் இல்லாமல் உள்ளே வந்தது. பசங்களுக்குத்தான் கிரவுண்ட் போச்சு. பிட்ச் போட்ட இடத்தில் ஆழத் தண்ணீர். அவர்களில் ஒருத்தர்கூட ஸ்டே வாங்கக் கோர்ட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை.