ஒன்றரை டன்

சித்திரை பிறந்தால் சென்னையில் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "ஸார், ஏ.ஸி. ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா?" கல்யாணத்துக்கு அரிசி வாங்குகிற மாதிரி கேட்கிறார்கள். அந்த டன் என்ன டன் என்று கேட்பவருக்கும் தெரியாது, விற்கிறவரும் சொல்வதில்லை.

அது யந்திரத்தின் எடை அல்ல. 2,000 பவுண்டு ஐஸ் கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அதுதான் ஒரு டன். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறதே, அந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டியது. துரைமார்கள் கோப்பையில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு திருப்திப்பட்டார்கள். நமக்கோ பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குத் தினம் ஒன்றரை டன் ஐஸின் குளிர்ச்சி வேண்டியிருக்கிறது!

இவ்வளவு உஷ்ணம் எங்கிருந்து வந்தது? சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் உஷ்ணம் விடுகிறது. ஒன்றரை டன் என்பது 5,000 வாட்டுக்கு மேல். கணவனும் மனைவியும் சேர்ந்து இருபதில் ஒரு பங்குகூடத் தேறமாட்டார்கள். மீதியில் பெரும்பகுதி, தலைக்கு மேலுள்ள கான்கிரீட்டும் மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலும் கொண்டுவந்து கொட்டுவது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் மேல் கொப்பளிக்கிறது கூரை.

பழைய மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டார்கள். இப்போது கட்டுகிறவர் அரை அடி கனம்கூட இல்லாத கான்கிரீட்டை ஊற்றி, சுவரில் யந்திரத்துக்கு ஓர் ஓட்டையும் விட்டு, அதையே ஒரு வசதி என்று விளம்பரம் செய்கிறார். அடுப்பைக் கட்டி விற்றுவிட்டு, ஆற்றிக்கொள்வது உன் பாடு என்கிறார். நாமும் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறோம்.

யந்திரமே கூடாது என்று உபதேசிக்க நான் வரவில்லை. வெட்டிவேர்த் தட்டி போதாதா என்று கேட்கும் பெரியவர்கள் சென்னைப் புழுக்கத்தை மறந்துவிட்டார்கள். தட்டி குளிர்வது வறண்ட காற்றில்தான். கத்திரி வெயிலில் இருதய நோய்க்காரருக்கு ஏ.ஸி. ஆடம்பரமும் அல்ல. 1902-இல் காரியர் என்ற அமெரிக்கர் இதை அமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரக்காற்றில் கெடாமலிருக்க. காகிதத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்கும் கிடைக்கட்டுமே.

என் சண்டை வேறு. இந்த யந்திரம் உஷ்ணத்தை அழிப்பதில்லை. தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நம் சந்துகளில் 'வெளியே' என்றால் அடுத்த வீட்டு ஜன்னல். அதற்குப் பின்னால் ஏ.ஸி. வாங்க வகையில்லாத ஒருவர் படுத்திருக்கிறார். நம் கூரை குடிக்கும் வெயிலைக் குறைத்தால் அவர் மேல் விழுவதும் குறையும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மொட்டைமாடிக்குப் போங்கள். வெள்ளை அடியுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் மறைப்புக் கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு உள்ளே தொங்கும் திரை என்ன செய்யும்? மாடி பொதுச் சொத்து, மேல்மாடிக்காரருக்காக நாங்கள் ஏன் சுண்ணாம்புக்குப் பணம் தரவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். மேல்மாடிக்காரரின் வெளிப்பெட்டி அவர்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் வரப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள்.