குளவிக்கு வர்க்கம் இல்லை

சீகிரியாக் குன்றிலும் குளவி கொட்டுகிறது. அதே மாத்தளை மாவட்டத்தின் தேயிலை மலைகளிலும் குளவி கொட்டுகிறது. குன்றேறும் உல்லாசப் பயணிக்கு எச்சரிக்கைப் பலகை உண்டு. சிங்கப்பாத முற்றத்தில் ஒதுங்கி நிற்கக் கம்பிவலைக் கூடும் உண்டு. இரத்தோட்டை மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? தலையில் ஒரு துணி. முதுகில் ஒரு கூடை. குளவிக்கு வர்க்கம் இல்லை. அது கொட்டிய பின்னர் நடப்பவற்றுக்கே வர்க்கம் உண்டு.

குளவியின் நஞ்சு சிலரது உடலிற் கடும் ஒவ்வாமையை விளைவிக்கும். தொண்டை வீங்கும், மூச்சு அடைபடும், இரத்த அழுத்தம் வீழும். சில நிமிடங்களுக்குள் தொடைத்தசையில் அட்ரினலின் ஊசி ஏற்றப்பட வேண்டும். அவசர சிகிச்சைப் பாடநெறி இதைக் கற்பிக்கும். அந்த நிமிடங்கள் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்கு மறுக்கப்படுகின்றன என்பதை அது கற்பிப்பதில்லை. அது பொருளியலின் வேலையாம்! பொருளியல் வகுப்போ ஏற்றத்தாழ்வை ஒரு வளைகோடாக வரைந்து, கினிக் குணகத்தைக் கணக்கிட்டு, பரீட்சையோடு அதை மறந்துவிடுகிறது. ஓர் உண்மையின் இரு பாதிகளை இரு வகுப்பறைகளிற் பூட்டி வைத்திருக்கின்றன நமது கல்லூரிகள்.

2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய '1990 சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையை நாம் மனமார வரவேற்கிறோம். அது பின்னர் நாடெங்கும் பரவியது. ஆயினும் வண்டி வருவது வீதி முடியும் இடம் வரையில்தானே? அதற்கப்பால், ஒற்றையடிப் பாதையின் மேலுள்ள லயத்துக்கு யார் வருவார்? 2024இல் தோட்டத் தொழிலாளிக்குக் குறிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய். அக்கூலியைக் கொண்டு தனியார் வைத்தியசாலையின் வாயிற்படியை மிதிக்க முடியுமா?

"சிகிச்சையில் அரசியலை நுழைக்காதீர்" என்பார் சிலர். பிட்ஸ்பர்க் நகரின் வரலாற்றை அவர்கள் படிக்கட்டும். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் நோயாளியை ஏற்றிச் சென்றது பொலிஸ் வண்டி. 1967இல் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்னும் அம்புலன்ஸ் சேவை தோன்றியது. வேலையற்றோர் என ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் வைத்தியர் பீட்டர் சாஃபரின் வழிகாட்டலிற் பயின்று, அமெரிக்காவின் அவசர சிகிச்சைக்கே முன்னோடிகளாயினர். நடந்தது என்ன? 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையை அமைத்தது. ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. முன்னோடிகளிற் பலர் காலப்போக்கில் வெளியே தள்ளப்பட்டனர். அவர்களிடம் திறமை இருந்தது. பணப்பெட்டியின் சாவி இருக்கவில்லை. அரசியலை நுழைத்தவர் யார்?

ஆதலால் நாம் கேட்பது இதுதான். அவசர சிகிச்சை பயிலும் மாணவன், லயத்திலிருந்து வீதிக்கு எத்தனை நிமிடம் என்று நடந்து அளக்கட்டும். அந்தப் பாதை ஏன் இன்னும் வீதியாகவில்லை என்று வினவட்டும். பொருளியல் பயிலும் மாணவி, நின்ற இதயத்தை நெஞ்சழுத்தி இயக்கப் பழகட்டும். இரு பாடங்களும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படட்டும். அந்த வகுப்பின் முதல் இருக்கைகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உரியன. குளவி கொட்டும்போது அருகில் நிற்கப் போகிறவர்கள் அவர்களே.