பூச்சுக்குப் பின்னால் இருக்கும் துரு

அண்மையில் கிளிவெட்டிக்குச் சென்றிருந்தேன். மட்டக்களப்பு – திருகோணமலை வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட சிறிய கராஜ் ஒன்று. பழைய ஜப்பானியக் கார் ஒன்று சில்லுகள் கழற்றப்பட்டு முட்டுக்கட்டைகளில் நின்றது. இளைஞர் ஒருவர் கம்பித் தூரிகையால் அதன் பிறேக் கலிப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அருகே சிவப்புப் பெயின்ற் தகரம்.

“இது எதற்குத் தம்பி?” என்று கேட்டேன்.

“துருப் பிடிக்காது ஐயா. பார்க்கவும் வடிவாக இருக்கும்.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பந்தயக் கார்களில் கண்ட சிவப்பை இருபது வயதைத் தாண்டிய காருக்குப் பூசுவது வீண் மினுக்கமென்று எண்ணினேன். சற்று நேரம் அங்கே நின்ற பின்னர் அந்த எண்ணம் மாறியது.

இந்தப் பிரதேசத்துக்கும் துருவுக்கும் உள்ள உறவு பழையது. அக்காலத்தில் திருகோணமலையிலிருந்து தரைவழியாக மூதூர்ப் பக்கம் வருவதென்றால் கிண்ணியாவிலும் வழியிலுள்ள வேறு துறைகளிலும் ‘பாதை’ ஏற வேண்டும். வாகனங்களைச் சுமந்து செல்லும் மிதவையையே நம்மவர் பாதை என்பர். ஏறும்போதும் இறங்கும்போதும் உவர்நீரில் சில்லு நனையாத வாகனம் அரிது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. பாதை போயிற்று, கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று போகவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த பெருவெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது, வீடுகளோடும் வயல்களோடும் வாகனங்களும் சேற்றுநீரில் மூழ்கின.

காரை மாற்றிவிடலாமே என்று வெளிநாட்டு வாசகர் கேட்கக்கூடும். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வரியோடு சேர்ந்த புதிய விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே உள்ளதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கனடாவில் பனிக்கால வீதிகளில் கொட்டப்படும் உப்பைக் கழுவிக் கழுவிக் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

எனவே கலிப்பருக்குப் பூச்சுப் பூசுவதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தப் பூச்சு எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பதை அறிந்து பூச வேண்டும்.

சாதாரணக் கார்களின் கலிப்பர் பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் படரும் செந்துரு பார்வைக்கு அசிங்கமே தவிர, உடனடி ஆபத்தன்று. ஆபத்து உள்ளே இருக்கிறது. கலிப்பர் நகர்வதற்குரிய ஊசிகள் துருவேறி இறுகினால் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் தேயும். பிஸ்டன் துருவேறினால் பிறேக் பிடித்த பிடியை விடாது, சில்லு சூடேறும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 3’ வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்க வேண்டும். ஈரமேறிய பின்னர் அதற்குரிய தரம் 140 பாகைதான். பல பழைய கார்களின் பின்சில்லுகளில் இருப்பது டிரம் பிறேக். அதனுள் வெள்ளச்சேறு தங்கியிருந்தால் வெளியே தெரியவே தெரியாது. இவற்றில் எதனையும் சிவப்புப் பூச்சு தீர்க்காது.

அந்த இளைஞர் இதனை அறிந்திருந்தார். வெப்பம் தாங்கும் பெயின்றையே வாங்கியிருந்தார். சாதாரண எனாமல் சூட்டில் கொப்பளித்து உரிந்துவிடும் என்றார். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, அவற்றுக்குரிய கிறீஸ் இட்டிருந்தார். றப்பர் உறைகளையும் ஒயில் வெளியேற்றும் திருகாணியையும் கட்டைகள் அமரும் இடத்தையும் தாள் ஒட்டி மறைத்திருந்தார். அங்கெல்லாம் பெயின்ற் பட்டால் நகரவேண்டியது நகராது. பூச்சு இவருக்கு வேலையின் கடைசிப் படி. வேறிடங்களில் சில்லைக் கழற்றாமலே, தூசியின் மேலேயே, இடுக்கு வழியாகத் தூரிகையை நீட்டிப் பூசியதையும் கண்டிருக்கிறேன். கார் விற்பனைக்கு நிற்கும்போது இப்படிப் பூசுவது அழகுக்கல்ல, மறைப்புக்கு.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். பிறேக்குக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

இங்கேதான் அரசையும் கேட்கவேண்டியிருக்கிறது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப் பத்திரம் பெறும்போது காப்புறுதி கேட்கிறார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். வண்டி நிற்குமா என்று கேட்பதில்லை. 2025 சனவரியில் பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் அகற்றத் தொடங்கினர், உரிமையாளர்கள் எதிர்த்தனர், நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். பிறேக் செயலிழந்ததாகவும் செய்திகள் வந்தன. அலங்காரத்தைக் கண்ட கண்ணுக்கு பிறேக் தெரியாமற் போகலாமா?

இங்கிலாந்தில் பழைய கார்களுக்கான கட்டாயப் பரிசோதனை 1960 இல் தொடங்கியபோதே அதில் பிறேக் இருந்தது. இன்று மூன்று வயதைக் கடந்த கார்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதற்கு உட்பட வேண்டும். நம் நாட்டின் கார்கள் இறக்குமதித் தடையினால் முதுமையடைந்துவிட்டன. ஏற்கெனவே உள்ள புகைப் பரிசோதனை நிலையங்களில் பிறேக் பரிசோதனையையும் சேர்த்தால் என்ன? ஏழைகளின் தலையில் இன்னொரு கட்டணம் ஏறும் என்பர். அது நியாயமான அச்சம். கட்டணத்தைக் குறைவாக வைக்கட்டும். குறை காணப்பட்டால் திருத்துவதற்கு அவகாசம் கொடுக்கட்டும். பரிசோதனையே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது. பழைய வண்டி ஓட்டுபவனும், அதன் முன்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அந்த ஏழை வீட்டைச் சேர்ந்தவர்களே.

புறப்படும் முன்னர் அந்தக் காரின் உரிமையாளர் வந்து சேர்ந்தார். சிவப்பைக் கண்டு மகிழ்ந்தார். இளைஞர் அவரிடம், “நிறத்துக்கு ஒன்றும் அவசரமில்லை ஐயா. ஒயில் மாற்றின பிறகுதான் வண்டியைத் தருவேன்” என்றார்.

சட்டம் சொல்லவேண்டியதை ஒரு தகரக் கூரையின் கீழ் அந்தப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான்.