‘வீணாகும் வாக்கு’ என்னும் வாதம்: கனடியத் தேர்தல்களை முன்வைத்து ஒரு மறுப்பு

கனடாவில் பொதுத்தேர்தல் அறிவிக்கப்படுந்தோறும் ஒரு வாதம் தவறாது தலைதூக்குகின்றது. தொழிற்சாலை வாயிலிலும் மாணவர் விடுதியிலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒருவர் மற்றவருக்கு அதனை உபதேசிப்பார். “உமக்குப் பிடித்தமான கட்சிக்கு வாக்களித்தால் அது வீணாகும், நாம் அஞ்சும் கட்சியைத் தடுக்க வல்ல கட்சிக்கே அதனை அளியும்” என்பதே அவ்வாதம். தந்திரோபாய வாக்களிப்பு என்பது அதற்கு இடப்பட்டுள்ள கௌரவமான பெயர். உபதேசிப்போர் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயின், இவ்வுபதேசம் பாயும் திசை நோக்கற்பாலது. புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளரும் பசுமைக் கட்சியின் ஆதரவாளருமே லிபரல் கட்சியை நோக்கித் திருப்பப்படுகின்றனர். லிபரல் கட்சியினரை அவ்வாறு திரும்பும்படி கேட்கும் குரல் மிக அரிதாகவே ஒலிக்கின்றது. ஒரே பக்கமாகச் சாயும் தராசை நீதியின் தராசென்று எவரும் கொள்வதில்லை.

வாக்கு வீணாகின்றது என்பது உண்மையே. அதனை வீணாக்குபவர் யார் என்பதிலேதான் இவ்வாதம் பொய்யுரைக்கின்றது. நாட்டின் 343 தொகுதிகள் ஒவ்வொன்றிலும் ஏனையோரைவிட ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவர் ஆசனத்தைப் பெறுகின்றார். மற்றையோருக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் அத்துடன் அழிந்துபோகின்றன. இதன் விளைவுகள் விசித்திரமானவை. 1979 இல் பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சி 40 சதவீத வாக்குகளைப் பெற்றுத் தோற்றது. 36 சதவீதம் பெற்ற ஜோ கிளார்க் பிரதமரானார். 2019 இலும் 2021 இலும் நாடளாவிய வாக்கில் முதலிடம் பெற்ற பழைமைவாதக் கட்சி எதிர்க்கட்சி வரிசையிலே அமர்ந்தது. 1993 இல் நிகழ்ந்தது இன்னும் விசித்திரம். ஆளுங்கட்சியாகத் தேர்தலைச் சந்தித்த கிம் காம்பெல்லின் முற்போக்குப் பழைமைவாதக் கட்சிக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். கிடைத்த ஆசனங்கள் இரண்டே. அதனிலும் குறைவான வாக்குகளைப் பெற்ற புளொக் கியூபெக்குவா 54 ஆசனங்களுடன் உத்தியோகபூர்வ எதிர்க்கட்சியாயிற்று. கனடாவினின்று கியூபெக் பிரிய வேண்டுமெனக் கோரும் கட்சி, கனடியப் பேரரசியின் விசுவாசமிக்க எதிர்க்கட்சி என்னும் பட்டத்தைத் தாங்கியது.

இலங்கை வாசகருக்கு இக்காட்சி புதியதன்று. 1977 இல் ஏறக்குறைய 30 சதவீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் எதிர்க்கட்சியாயிற்று. 51 சதவீத வாக்கு, ஐக்கிய தேசியக் கட்சியின் கையில் 168 இல் 140 ஆசனங்களாக உருமாறியது. அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மையைக் கொண்டு அரசியல் யாப்பு மாற்றப்பட்டதும், 1982 இல் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டதும் அனைவரும் அறிந்தவையே. தேர்தல் முறை என்பது கணக்கெழுதுவோரின் அலுவல் எனக் கருதுவோர் இவற்றை மறந்தவராதல் வேண்டும்.

கனடிய அரசறிவியலாளர் அலன் கெயார்ன்ஸ் 1968 இலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். இம்முறை நாட்டை ஒன்றுபடுத்துகின்றது என்னும் அன்றைய நம்பிக்கையை மறுத்து, பிராந்தியப் பிளவுகளை இதுவே பெரிதாக்கிக் காட்டுகின்றது என்று அவர் நிறுவினார். அவரது கூற்றுக்கு 1980 ஆம் ஆண்டுத் தேர்தல் சான்றாயிற்று. அத்தேர்தலில் லிபரல் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது; ஆயினும் மேற்குக் கனடாவில் மனிற்றோபாவின் இரண்டு ஆசனங்களைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே அக்கட்சிக்கு வாக்களித்த பல இலட்சம் பேர் எங்கே மறைந்தனர்? அவ்வாண்டிலேயே எண்ணெய் வளம் பற்றிய தேசிய சக்தித் திட்டம் அறிவிக்கப்பட்டபொழுது, அல்பேர்ட்டாவின் சார்பிற் பேசுதற்கு ஆளுங்கட்சியில் அம்மாகாணம் தெரிந்தனுப்பிய உறுப்பினர் ஒருவரேனும் இருக்கவில்லை. அன்று மூண்ட கோபம் இன்றும் தணிந்தபாடில்லை.

தந்திரோபாய வாக்களிப்பை ஆதரிப்போரின் மிக வலிய சான்று 1988 ஆம் ஆண்டுத் தேர்தலாகும். ஐக்கிய அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தமே அதன் ஒரே வினாவாயிருந்தது எனலாம். ஒப்பந்தத்தை எதிர்த்த லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 52 சதவீத வாக்குகளைப் பெற்றன. 43 சதவீதம் பெற்ற பிறையன் மல்றோனி 295 இல் 169 ஆசனங்களை வென்றார். 1989 சனவரி முதலாந் திகதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. “அன்று வாக்குகள் சிதறாதிருந்தால்!” என்று இன்றும் பெருமூச்செறிவோர் உளர். அப்பெருமூச்சு நியாயமானதே. ஆனால், நாட்டின் பெரும்பான்மையோர் தெளிவாக எதிர்த்து வாக்களித்திருக்க, அவ்வெதிர்ப்பை ஆதரவாக உருமாற்றியது எது? தனது தொகுதியில் இரண்டாம் இடத்தில் நிற்பவர் எவரென்று ஊகித்தறியத் தவறிய வாக்காளனா? கருத்துக் கணிப்புக்கள் பெரும்பாலும் நாட்டையோ மாகாணத்தையோ அளவிடுவன. தனித் தொகுதியின் நிலை அவற்றிலிருந்து நம்பத்தக்க வகையிற் புலப்படுவதில்லை. இருட்டில் நிறுத்தப்பட்டவனைப் பார்த்து, சரியாகக் குறிபார்க்கவில்லை என்று குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்?

இவ்வாதத்தின் உண்மைச் சொரூபம் 2015 இல் வெளிப்பட்டது. ஹார்ப்பரின் ஆட்சியை அகற்ற வேண்டுமென்ற வேட்கை அன்று பரவலாக நிலவிற்று. தொழிற்சங்கங்கள் சிலவும் ‘பழைமைவாதிகளைத் தவிர எவரேனும்’ என்ற முழக்கத்தை எழுப்பின. அவ்வேளையில் ஜஸ்ரின் ட்ரூடோ ஒரு வாக்குறுதியை அளித்தார். பழைய முறையில் நடைபெறும் இறுதித் தேர்தல் அதுவே என்பதாகும் அது. இம்முறை மாத்திரம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதன் பின்னர் இத்தகைய சங்கடம் உங்களுக்கு இராது என்றே வாக்காளர் அதனை விளங்கிக்கொண்டனர். லிபரல் கட்சி 39.5 சதவீத வாக்குகளுடன் 338 இல் 184 ஆசனங்களைப் பெற்றது. 2011 இல் 39.6 சதவீதத்துடன் 166 ஆசனங்களைப் பெற்று அறுதிப் பெரும்பான்மை கண்ட ஹார்ப்பரைப் போலிப் பெரும்பான்மையினர் என்று இகழ்ந்தவர்கள், தமது பெரும்பான்மையை மக்களின் ஆணை என்றனர்.

பின்னர் நிகழ்ந்தவை சற்று விரிவாகக் கூறத்தக்கன. 2016 இல் பாராளுமன்ற விசேட குழுவொன்று அமைக்கப்பட்டது. முதலில் லிபரல் கட்சியினர் அதிலும் தமக்கே பெரும்பான்மை வேண்டினர். எதிர்ப்பெழவே, கட்சிகள் பெற்ற வாக்குவீதத்தை ஒட்டி 12 உறுப்பினரில் ஐவராக அமர இணங்கினர். சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசும் குழுவே சீர்திருந்திய முறையில் அமைந்தமை வேடிக்கையானது; அந்த ஒரு குழுவுக்கு அப்பால் அம்முறை சென்றதில்லை என்பது வேதனையானது. குழு நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்டு, 1.12.2016 இல் விகிதாசாரத் தன்மையுடைய முறையொன்றைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விடுமாறு பரிந்துரைத்தது. இரண்டு மாதங்கள் கழிந்தன. 1.2.2017 இல் தேர்தல் முறையை மாற்றுவது தமது பணிகளுள் ஒன்றன்று என அரசாங்கம் அறிவித்தது. மக்களிடையே கருத்தொற்றுமை இல்லை என்பது காட்டப்பட்ட காரணம். 39.5 சதவீதத்தைக் கொண்டு நாட்டை ஆளுதற்குக் கருத்தொற்றுமை தேவைப்படவில்லை. அவ்வாறு ஆளும் வழியை மூடுதற்கு மாத்திரம் அது தேவைப்பட்டது போலும். 2024 பெப்ரவரியில், இதனை ஆராயக் குடிமக்கள் மன்றமொன்றை அமைக்கும் பிரேரணையும் தோற்கடிக்கப்பட்டது. 2025 சனவரியில் பதவி விலகலை அறிவித்தபொழுது ட்ரூடோ தேர்தல் முறையை மாற்றாதமைக்கு வருந்தினார். ஆயின் அவர் விரும்பியிருந்தது விகிதாசார முறையன்று. விருப்புவரிசையிட்டு வாக்களிக்கும் முறையே. நடுவில் நிற்கும் கட்சி எல்லோருக்கும் இரண்டாம் விருப்பாக அமைவது இயல்பாதலின், அம்முறையாற் பெரும்பயன் பெறக்கூடிய கட்சி எதுவென்பது வெளிப்படை.

மாகாணங்களில் மக்களே இதனை நிராகரித்துள்ளனர் என்பது மறுதரப்பார் கூறும் இன்னொரு நியாயம். 2018 இல் பிரித்தானியக் கொலம்பியாவில் 61 சதவீதத்தினர் பழைய முறையையே விரும்பினர். 2007 இல் ஒன்ராறியோவிலும் சீர்திருத்தம் படுதோல்வியுற்றது. இவற்றை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் அதே பிரித்தானியக் கொலம்பியாவில் 2005 இல் 57.7 சதவீதத்தினர், 79 தொகுதிகளுள் 77 இல் பெரும்பான்மையினராய், மாற்றத்துக்கு ஆதரவளித்தபொழுது, 60 சதவீதம் வேண்டும் என்னும் விதியைக் காட்டி அது கைவிடப்பட்டது. பிறின்ஸ் எட்வேர்ட் தீவில் 2016 இல் கலப்பு விகிதாசார முறை வென்றபொழுது, வாக்களித்தோர் தொகை குறைவென்று ஒதுக்கப்பட்டது. தோல்விகள் மட்டும் மக்கள் தீர்ப்பு. வெற்றிகளோ தொழில்நுட்பக் குறைபாடுடையவை!

மூன்றாங் கட்சிக்கு அளிக்கும் வாக்குப் பயனற்றது என்பதையும் வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. கனடியர் பெருமையுடன் பேசும் பொதுமருத்துவக் காப்புறுதி, சஸ்காற்சுவான் மாகாணத்தில் ஒரு மூன்றாங் கட்சியின் ஆட்சியில் 1962 இல் தொடங்கியது. அதனை நாடளாவியதாக்கிய 1966 ஆம் ஆண்டுச் சட்டம் லெஸ்ரர் பியர்சனின் சிறுபான்மை அரசாங்கக் காலத்தில் நிறைவேறியது. 1972 இல் லிபரல் கட்சிக்கு 109 ஆசனங்கள், எதிர்க்கட்சிக்கு 107. டேவிட் லூயிஸ் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சியின் 31 ஆசனங்களே தராசு முள். பெற்றோ–கனடா என்னும் அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனம் கருக்கொண்டது அப்பொழுதே. 2022 இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் பயனாகவே அரச பற்சிகிச்சைத் திட்டம் பிறந்தது. இப்பயன்களை ஈட்டிக்கொடுத்தவருக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1974 இல் லூயிஸ் தமது சொந்த ஆசனத்தையே இழந்தார். 2025 இல் ஜக்மீத் சிங் தமது தொகுதியில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

இன்னுமொன்று. 2008 இல் கியூபெக்கின் 75 ஆசனங்களுள் ஒன்றையே பெற்ற அக்கட்சி 2011 இல் 59 ஐப் பெற்றது. அதே தேர்தலில், 1988 முதல் லிபரல் கட்சியின் கோட்டையாயிருந்த ஸ்காபரோ–ரூஜ் றிவர் தொகுதியில் அக்கட்சியின் வேட்பாளர் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடியப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். அங்கு வாழும் தமிழர்கள் அவ்வாண்டு ‘வீணாகும் வாக்கு’ உபதேசத்துக்குச் செவிசாய்த்திருப்பின், அவ்வெற்றி நிகழ்ந்திராது.

2025 ஏப்ரல் தேர்தலில் அச்சம் கற்பனையன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். டொனால்ட் ட்ரம்ப் இறக்குமதித் தீர்வைகளை விதித்துக் கனடாவை 51 ஆவது மாநிலமென்று ஏளனஞ் செய்துகொண்டிருந்த வேளை அது. மார்க் கார்னியா, பியர் பொலியேவா என்ற ஒரே வினாவாக அத்தேர்தல் சுருங்கியது. பழைய உபதேசம் முன்னெப்பொழுதும் இல்லாத வேகத்துடன் பரவியது. பழைமைவாதிகளைத் தடுக்கவென்றே இலட்சக்கணக்கானோர் புதிய ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டு லிபரல் கட்சிக்கு வாக்களித்தனர். விளைவைத் தொகுதி தொகுதியாகப் பார்த்தல் தகும். மோட்டார் வாகனத் தொழிலாளரின் வின்ட்சர் மேற்கிலும், லண்டன்–ஃபான்ஷாவிலும் புதிய ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர்கள் வீழ்ந்தனர், வென்றவர்கள் பழைமைவாதிகள். வன்கூவர் தீவின் நனைமோ–லேடிஸ்மித்தில் லிபரல், புதிய ஜனநாயக, பசுமைக் கட்சிகளிடையே வாக்குகள் பிரிய, 40 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளுடன் பழைமைவாத வேட்பாளர் வெற்றிபெற்றார். தடுக்கச் சென்றவர்களே கதவைத் திறந்துவிட்டனர்.

நாடளாவிய ரீதியிற் புதிய ஜனநாயகக் கட்சிக்கும் புளொக் கியூபெக்குவாவுக்கும் ஏறக்குறையச் சம அளவில், ஒவ்வொன்றுக்கும் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. பிந்தியதற்கு 22 ஆசனங்கள், முந்தியதற்கு 7. பாராளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியாதற்கு 12 உறுப்பினர் வேண்டும் என்பது விதி. எனவே, பற்சிகிச்சைத் திட்டத்தைப் பெற்றுக்கொடுத்த அக்கட்சி அவ்வங்கீகாரத்தையும் இழந்தது. அக்கட்சிக்கே வாக்களித்து நின்ற 12 இலட்சம் பேரிடமும் அடுத்த தேர்தல் வரும்பொழுது அதே உபதேசத்துடன் ஆள் வருவர். 2015 இல் அளிக்கப்பட்ட வாக்குறுதி என்னவாயிற்று என்று அவர்கள் முதலில் வினவுவார்களாக.