விளக்கை அணைத்தால் பழுது தீருமா?

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். அது வேறு வழியற்றோரின் கெட்டித்தனம். இன்றோ, ஜீப்பில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அந்த விளக்கையே துண்டித்துவிட்டு, "சரி ஐயா, கொண்டு போங்கோ" என்கின்றனர் சில கராஜ்காரர். இது கெட்டித்தனமன்று, ஏமாற்று.

சில்லோடு சேர்ந்து ஓயாது வளையும் சென்சர் வயர், மேலுறை கிழியாமலே உள்ளே அறுந்திருக்கலாம். இணைப்பில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். மல்ரிமீற்றரை வைத்து வயரை அசைத்துப் பார்த்தால் அறுந்த இடம் அகப்படும். அந்தத் துண்டை மாற்றி, மூட்டு வளைவில் விழாதபடி ஈயம் பற்றவைத்து, நீர் புகாமல் மூடவேண்டும்.

ஏபிஎஸ் இன்றியும் பிரேக் பிடிக்கும். அதுதான் இந்தத் துணிச்சலுக்குக் காரணம். ஆனால் மாரிமழையில், ஏ9 வீதியில் மாடு குறுக்கிட்டால், சில்லு இறுகி வழுக்கும், ஸ்ரியரிங்கும் கேளாது. அன்று தடை நம்மைக் கட்டியது. இன்று எது கட்டுகிறது?