மாடவீதியில் ஒரு புதிய வீடு

திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு பழைய வீடு இடிக்கப்பட்டால், அந்த மனையில் அடுத்து என்ன எழும் என்பதை நம்மில் யாரும் சொல்லிவிடலாம். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், அல்லது ஷட்டர் போட்ட கடைகள். மேலே யாத்ரீகர்களுக்கான லாட்ஜ் அறைகள். முகப்பில் கண்ணாடியும் அலுமினியத் தகடும். பழைய ஊருக்குப் பொருத்தமாக ஏதாவது செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால், கைப்பிடிச்சுவர் மேல் சிமெண்டில் வார்த்த சிறு கோபுரம் ஒன்றும் வாசலில் இரண்டு யாளிகளும் வைத்துக் கொடுக்கிறோம். இதைப் பொருத்தம் என்று நம் தொழிலே ஒப்புக்கொண்டுவிட்டதுதான் கவலைக்குரியது.

இந்தத் தெருக்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. 1130-இல் இராமாநுசர் கோவிந்தராஜரை இங்கே எழுந்தருளச் செய்தார், கோயிலைச் சுற்றியே கீழ்த்திருப்பதி வளர்ந்தது என்பது மரபு. வைகாசி பிரம்மோற்சவத்தில் காலையும் மாலையும் வாகனங்கள் மாடவீதிகளைச் சுற்றிவருகின்றன, தேரும் ஓடுகிறது. வீடுகள் அந்தப் புறப்பாட்டைப் பார்த்து அமைந்தவை. பக்கத்துப் பக்கத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டு, தெருவோரத்திலேயே திண்ணை வைத்து, அதன் மேல் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள். சுவாமி வரும்போது ஏறி நிற்க அந்தத் திண்ணை. மற்ற நாளில் அதுவே வழிப்போக்கருக்கு நிழல். தேர் போகிற உயரத்தில் எந்த வீடும் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்காது. திண்ணையின் விளிம்பு, தாழ்வாரத்தின் விளிம்பு, பதினைந்து இருபது அடிக்கு ஒரு வீடு என்னும் அகலம் ஆகிய மூன்றும்தான் தெருவைத் தெருவாக்குகின்றன. இவற்றைக் காப்பாற்றும் வீடு கான்கிரீட்டில் எழுந்தாலும், ஒரு சிற்பம்கூட இல்லாவிட்டாலும், அங்கே பொருந்தும். அடுத்தடுத்த மூன்று மனைகளை ஒன்றாக்கி நாற்பத்தைந்து அடிக்கு ஒரே முகப்பாக எழுப்பினால் எத்தனை யாளி வைத்தாலும் பொருந்தாது. அப்படி ஒரு மனை வந்தே தீரும் என்றால் முகப்பையாவது மூன்றாகப் பிரித்து வரையலாம்.

நடைமுறையில் முதல் தடை விதிமுறை. 2017-ஆம் ஆண்டின் ஆந்திரக் கட்டட விதிகள் மனையின் அளவு, சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பார்த்து முன்னால் இடம் விடச் சொல்கின்றன. புதிய லேஅவுட்டுக்கு இது சரி. வரிசை வீட்டுத் தெருவில் ஒரு வீடு மட்டும் பின்வாங்கினால் இரண்டு பக்கத்து வீடுகளின் பூசாத பக்கச்சுவர் வெளியே தெரிகிறது. விட்ட இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. தெருவோரத்திலேயே கட்டும் உரிமையை இத்தகைய தெருக்களுக்குத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, விட்ட இடத்தின் முழு அகலத்துக்கும் காம்பவுண்டுச் சுவர் இல்லாமல் திண்ணை உயரத்தில் ஒரு மேடையாவது போடலாம்.

இரண்டாவது தடை தரைமட்டம். 2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்களில் ஓடிய வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதனால் மூன்றடி, நான்கடி தூக்கிக் கட்டுங்கள் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வீட்டைத் தூக்கினால் சாய்தளம் தெருவுக்குள் வந்து விழுகிறது. பக்கத்துத் திண்ணை பள்ளத்தில் நிற்கிறது. நாம் செக்‌ஷனில் தீர்க்க வேண்டிய சிக்கல் இது. திண்ணையைப் பக்கத்து வீட்டு மட்டத்திலேயே நிறுத்துங்கள். வாசல் நிலைக்குப் பின்னால், ரேழியில் மூன்று படி வைத்து உள்தரையை உயர்த்துங்கள். தெருக்கோடும் மாறாது, கூடத்துக்குள் தண்ணீரும் வராது. கார் வேண்டுமென்றால் ஸ்டில்ட்டை வீட்டுக்கு முன்னால் வைக்காமல், வாய்ப்புள்ள மனைகளில் பின்சந்து வழியாக விடலாம்.

சிக்கலின் மறுபாதி தெருவில் இருக்கிறது. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடப்போட, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகின்றன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதே ஒழுங்கு திருப்பதி, சித்தூர் மாநகராட்சிகளிலும் வேண்டும்.

பொதுச்சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து வீடு செங்கலும் சுண்ணாம்பும்; கடைக்கால் ஆழம் குறைவு. நம் மனையில் ஒரே மூச்சில் ஐந்தடி வெட்டினால் அந்தச் சுவர் விரிசல் விடும். நான்கு நான்கு அடியாக, ஒன்றுவிட்டு ஒன்று வெட்டிக் கட்டி வர மேஸ்திரிக்குச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் செங்கல் உதிரும்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் சந்திரகிரியைப் பார்க்கலாம். ராஜமகால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், நினைவுச்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்த வட்டம் நினைவுச்சின்னத்துக்காகப் போட்டது. ஒரு சாதாரணத் தெருவின் திண்ணை வரிசையைக் காக்க அதில் எதுவும் இல்லை. திருமலையில் ஆயிரங்கால் மண்டபமே 2003-இல் அகற்றப்பட்ட நிலையில், பெயரில்லாத வீட்டுக்கு யார் வாதாடுவார்கள்?

புதுச்சேரி வேறு வழி காட்டியது. தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில் ஒரு மாளிகையைத் தேர்ந்தெடுக்காமல் வீதியின் முகப்பு வரிசையையே ஓர் அலகாக எடுத்துக்கொண்டார்கள். இன்டாக் அமைப்பும், ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும், வீட்டுக்காரர்களும் சேர்ந்து திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் மீட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் அது இடம்பெற்றது.

திருப்பதி நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்துக்கும் மாநகராட்சிக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றே: மாடவீதிகளில் அனுமதிக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்துடனும், இருபுறமும் ஐந்தைந்து வீடுகளைச் சேர்த்து வரைந்த தெரு எலிவேஷனைக் கட்டாயமாக்குங்கள். அந்த ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பதியிலோ, சித்தூர், புத்தூர், நகரியின் பழைய தெருக்களிலோ உங்களுக்கு வேலை வந்தால், உங்கள் மனையை அளப்பதற்கு முன் அந்தப் பத்து வீடுகளை அளந்து வரையுங்கள். திண்ணை உயரம், தாழ்வார உயரம், வீட்டின் அகலம் குறித்த அந்தப் படங்களை எங்களுக்கு அனுப்பிவைத்தால் இதழ்தோறும் வெளியிடுகிறோம்.