கார் வாங்குமுன் கணக்கு எழுதுவோம்



பருப்பு, பயறு மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்தவன் நான். சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லுவேன். காரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். மெக்கானிக் அறிவு எனக்குக் கிடையாது. ஆனால் கார் வாங்குவதும் ஒரு கொள்முதல்தான். கொள்முதல் தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு கடையடைத்துவிட்டு டூவீலரில் வீடு திரும்பும்போது வழுக்கி விழுந்தேன். வசூல் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு முறிந்து மூன்று வாரம் கடைக்குப் போக முடியவில்லை. அறுபதைத் தாண்டிய வியாபாரிக்கு ஊருக்குள் போய்வர ஒரு சிறிய கார் ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் மகன் உடனே, "அப்பா, வாங்குறதுதான் வாங்குறோம், பெரிய வண்டியாப் பாருங்க. நாலு பேர் மதிக்கணும்" என்றான். "தம்பி, மில்லுக்காரருக்குப் பாக்கி நிக்காம இருந்தா நாலு பேர் தானா மதிப்பாங்க" என்றேன். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருந்த ரொக்கத்தை எடுத்துப் பெரிய காருக்கு முன்பணமாகக் கட்டினார். அடுத்த மாதமே துவரை விலை இறங்கியது. ரொக்கம் கொடுத்தவர்கள் தள்ளுபடியோடு சரக்கை இறக்கினார்கள். அவர் கடனுக்கு வாங்கி, அந்த சீசன் முழுவதும் வட்டி கட்டினார். கார் வாசலில் நின்றது. குடோன் காலியாகக் கிடந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நான் வாலிபன். 796 சி.சி., 3 சிலிண்டர் என்றதும் கேலி பேசியவர்கள் உண்டு. அந்த வண்டிதான் 2014 வரை உற்பத்தியாகி, எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் காராக இருந்தது. ஊருக்குள் ஓட்டச் சிறிய வண்டி போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். கடை, பேங்க், வீடு என்று தினம் 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்பார்கள். அது சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த அளவு. அங்கே சிக்னலும் இல்லை, லோடு இறக்கும் லாரியும் இல்லை. நெரிசலில் 16 கிடைத்தால் பெட்ரோல் 375 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 37,500 ரூபாய். 18 தரும் வண்டி என்றால் சுமார் 33,300 ரூபாய். வித்தியாசம் மாதம் 350 ரூபாய்தான். இதற்காக ஒரு இலட்சம் கூடுதலாகக் கொடுத்தால், 9 சதவீத வட்டியே ஆண்டுக்கு 9,000 ரூபாய். மைலேஜில் மிச்சம் பிடித்து வட்டியில் விட்ட கதைதான்.

சி.என்.ஜி. வண்டிக்கும் இதே கணக்குதான். விலை ஏறத்தாழ 90 ஆயிரம் கூடுதல். கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்தால் நமக்கு ஆண்டுக்கு 15 ஆயிரம் மிச்சம். போட்ட பணம் திரும்ப 6 ஆண்டு ஆகும். தினம் 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 2 ஆண்டில் திரும்பிவிடும். சிலிண்டர் டிக்கியில் இடம் பிடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரி விஷயத்தில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் பலசரக்கு வியாபாரி காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. 5 இலட்ச ரூபாய்க் காருக்கு முதல் ஆண்டு 75,000. இது வருமானத்தில்தான் கழியும், வரியில் அல்ல. 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் சுமார் 15,000 மட்டுமே. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் என்று உத்தேச முறையில் கணக்குக் காட்டுபவர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கவே முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இன்சூரன்ஸ். சொந்த உபயோகக் காருக்கான பாலிசியில், சாம்பிளும் சொந்தச் சாமான்களும் தவிர வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டு மூட்டை சர்க்கரைதானே என்று டிக்கியில் போட்டுக்கொண்டு போய், வழியில் விபத்து என்றால் இழப்பீட்டுக்கு அலைய நேரிடும். சரக்குக்குக் குட்டி யானை இருக்கிறது. நூறு இருநூறு வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஷோரூம் இருக்கும் அகலமான சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மாலை 6 மணிக்கு உங்கள் கடைத் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மதுரை கீழமாசி வீதியில் நான் அப்படித்தான் பார்த்தேன். ஆல்டோ கே10 நீளம் 3,530 மில்லிமீட்டர். சந்துக்குள் திருப்புவது சுலபம். வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர். கூரை உயரம் என்பதால் வேட்டி கட்டியவர் ஏறி இறங்கச் சிரமம் இல்லை, டிக்கியும் பெரிது. வீட்டுக்காரம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. வண்டியைப் பார்க்கலாம். அதற்கு ஏறத்தாழ 50 ஆயிரம் கூடுதல். என் கணக்கில் அது வீண் செலவு அல்ல.

நான் கிளட்ச் இல்லாத சிறிய வண்டியே எடுத்தேன். கடை முதலில் கை வைக்கவில்லை. பாதிக்கு மேல் என் சொந்தச் சேமிப்பு, மீதி மூன்று ஆண்டுத் தவணை. மகனும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மழை நாளில் சாவியை முதலில் கேட்பவன் அவன்தான்.

இன்சூரன்ஸ் விதிகள் தெரியாமல் நம் உறுப்பினர்கள் பலர் காரில் சரக்கு ஏற்றுகிறார்கள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு விவரம் தெரிந்த ஒரு அதிகாரியை அழைத்து விளக்கம் தர ஏற்பாடு செய்யுமாறு சங்க நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.